ஐந்து காசு தண்டம்: நம் பேரூராட்சி மன்றத்துக்கு ஒரு திறந்த மடல்

மன்றத் தலைவர் அவர்களுக்கும், துணைத் தலைவர் அவர்களுக்கும், பதினைந்து வார்டு உறுப்பினர்களான அண்ணாச்சிமாருக்கும் அக்காமாருக்கும்,

வணக்கம்.

போன மாதக் கூட்டத்தன்று உங்கள் அலுவலக வராந்தாவில்தான் இருந்தேன். வீட்டு வரியில் பெயர் மாற்ற வந்தவனை, "கூட்டம் முடியட்டும் அண்ணாச்சி, இரிங்க" என்று பெஞ்சில் உட்கார வைத்துவிட்டார்கள். ஜன்னல் திறந்திருந்தது. அன்றைக்குத் தீர்மானத்துக்கு 43 பொருள்கள். எழுத்தர் எண்ணை மட்டும் வாசித்தார். "பொருள் எண் 7 முதல் 19 வரை" என்றதும் யாரோ மேசையைத் தட்டினார்கள். "ஏகமனதாக" என்று ஒரு குரல் வந்தது. மறுபடியும் தட்டல். கைக்கடிகாரத்தைப் பார்த்தேன், பன்னிரண்டு நிமிடத்தில் 43-ம் முடிந்திருந்தது. அதன் பிறகு வந்த உளுந்த வடைக்கும் காப்பிக்கும் இருபத்தைந்து நிமிடம் ஆனது. வடையைக் குறை சொல்லவில்லை, எனக்கும் ஒன்று கொடுத்தார்கள்.

நான் யாரென்று உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும். மீதிப் பேருக்காகச் சொல்கிறேன். இருபத்தோரு வருடம் நான்காம் வகுப்பு ஒப்பந்தக்காரனாக, அதாவது சிறிய வேலைகளை மட்டும் எடுக்கப் பதிவு பெற்றவனாக இருந்தவன். அம்பாசமுத்திரத்திலிருந்து பாளையங்கோட்டை வரை ஓடை, சிறுபாலம், சிமெண்ட் ரோடு, தண்ணீர்த் தொட்டி என்று கட்டியிருக்கிறேன். நன்றாகக் கட்டியதும் உண்டு. எந்தத் தெருவில் மோசமாகக் கட்டினேன் என்பதும் நினைவிருக்கிறது; இப்போதும் அந்தத் தெரு வழியாக சைக்கிளை விடமாட்டேன். அதனால் இதை வெளியிலிருந்து கல்லெறிகிறவன் எழுதும் கடிதமாக நினைக்க வேண்டாம்.

நம் ஊரிலிருந்து மானூர் தூரமில்லை. திருநெல்வேலிக்கு வடக்கே, சங்கரன்கோவில் சாலையில் இருக்கிறது. அங்குள்ள சிவன் கோயிலில் சுமார் 1,200 வருடத்துக்கு முந்தைய வட்டெழுத்துக் கல்வெட்டு ஒன்று உண்டு. பாண்டியன் மாறஞ்சடையன் காலத்தது. ஊர்ச்சபையில் உட்கார யாருக்குத் தகுதி, சபை எப்படி நடக்க வேண்டும் என்று ஊரார் கூடி எடுத்த முடிவைக் கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். அதில் ஒரு விதி என்னை வெகுநாளாகச் சிரிக்க வைக்கிறது. எந்தக் காரியத்தைச் சபைமுன் வைத்தாலும் 'அன்று, அன்று' என்று மறுத்துக்கொண்டே இருப்பவருக்கும் அவருக்குத் துணைநிற்பவருக்கும் ஆளுக்கு ஐந்து காசு தண்டம்.

மானூர்ச் சபையை நான் பொற்காலம் என்று சொல்ல வரவில்லை. நிலம் வைத்திருந்த, மறை படித்த பிராமணர்களின் சபை அது. என் பாட்டனுக்கும் உங்களில் பலருடைய பாட்டிக்கும் அந்த வாசலில் நிற்கக்கூட இடம் கிடைத்திருக்காது. ஆனால் அவர்களுக்கு இருந்த தொல்லையைப் பாருங்கள். எதற்கெடுத்தாலும் வேண்டாம் என்கிற ஆட்களால் காரியம் நின்றுபோனது, அபராதம் போட வேண்டி வந்தது. நமக்கு வந்திருப்பது நேர் எதிரான தொல்லை. எதற்கெடுத்தாலும் ஆம். 43-க்கும் ஆம். இதற்கு எத்தனை காசு தண்டம் என்று எந்தக் கல்லிலும் வெட்டவில்லை. ஆனாலும் தண்டம் கட்டிக்கொண்டுதான் இருக்கிறோம், தெருத் தெருவாக.

எப்படி என்று ஒரு தெருவை வைத்தே சொல்கிறேன். நூறு மீட்டர் நீளம், மூன்று மீட்டர் அகலம் உள்ள சிமெண்ட் ரோடு. நம் ஊரில் பாதித் தெரு இந்த அளவுதான்.

முதலில் மதிப்பீடு தயாராகும். பொறியாளர் வந்து அளந்து, விலை விகிதப் பட்டியல்படி கணக்குப் போடுவார். மன்றம் தீர்மானம் போடும், நிர்வாக அனுமதி வரும். மேலே உள்ள பொறியாளர் தொழில்நுட்ப அனுமதி தருவார். டெண்டர் விடுவார்கள். வந்த ஒப்பந்தப்புள்ளிகளை ஒப்பீட்டுப் பட்டியலாக எழுதி உங்கள் முன் வைப்பார்கள். நீங்கள் மேசையைத் தட்டியதும் பணி ஆணை போகும். வேலை நடக்கும்போது அளவீட்டுப் புத்தகத்தில், அதாவது நாங்கள் சொல்லும் எம்-புக்கில், நீளம் அகலம் கனம் எழுதுவார்கள். அதை வைத்துத்தான் பில். தெருவின் தலையெழுத்து அந்த எம்-புக்கில் இருக்கிறது. உங்களில் எத்தனை பேர் அதைக் கண்ணால் பார்த்திருக்கிறீர்கள்?

மதிப்பீட்டில் கனம் 15 சென்டிமீட்டர் என்று வையுங்கள். 100 பெருக்கல் 3 பெருக்கல் 0.15, ஆக 45 கனமீட்டர் கான்கிரீட். சிமெண்ட் ஒன்றுக்கு மணல் ஒன்றரை, ஜல்லி மூன்று என்ற கலவையில் ஒரு கனமீட்டருக்கு எட்டு மூட்டை சிமெண்ட் போகும். மொத்தம் 360 மூட்டை. இப்போது பலகையைக் கொஞ்சம் இறக்கி அடித்து, கனத்தை 12 சென்டிமீட்டர் ஆக்கிப் பாருங்கள். 36 கனமீட்டர். 72 மூட்டை மிச்சம். மணலும் ஜல்லியும் அதற்கேற்பக் குறையும். எம்-புக்கில் மட்டும் 15 என்றே இருக்கும். மேலே இருந்து பார்க்கிறவருக்கு ரோடு பளபளவென்று இருக்கும். மூன்று சென்டிமீட்டரை மண்ணுக்குள் யார் தேடுவார்?

கமிஷன் என்பது ஒப்பந்தக்காரன் தன் பெண்டாட்டி தாலியை விற்றுக் கொடுக்கும் காசு என்று சிலர் நினைக்கிறார்கள். அந்த மூன்று சென்டிமீட்டர்தான் கமிஷன். யாருக்கு எவ்வளவு என்று இங்கே எழுதப் போவதில்லை. வாங்கினவர்களில் சிலர் இறந்துவிட்டார்கள். கொடுத்தவன் நான் உயிரோடு இருக்கிறேன்.

அடுத்தது ரிங். உங்களில் புதிதாக வந்தவர்களுக்கு இந்தச் சொல் தெரிந்திருக்காது. டெண்டர் அறிவிப்பு வந்ததும் ஒப்பந்தக்காரர்கள் ஒரு லாட்ஜிலோ தோப்பிலோ கூடுவோம். இந்த வேலை உனக்கு, அடுத்தது எனக்கு. வேலை யாருக்கோ அவர் மதிப்பீட்டுக்குக் கொஞ்சம் மேலே போடுவார். மற்ற இருவர் அதற்கும் சற்று மேலே போடுவார்கள். அவர்களுக்குப் பெயர் டம்மி. டம்மி போட்டதற்குக் கூலி உண்டு. நானும் டம்மி போட்டிருக்கிறேன், எனக்காகவும் போட்டிருக்கிறார்கள். ரிங்கில் சேராத ஒருவன் இருந்தால் அவனுக்குத் தளம் பார்த்த சான்று கிடைக்காது. அலுவலகத்தில் கையெழுத்துப் போடுகிறவர் அன்றைக்கு லீவு. அதற்கும் முந்தைய காலத்தில் டெண்டர் பெட்டி இருக்கும் அறைக்கு வெளியே நாலு தடியன்கள் நிற்பார்கள், அவ்வளவு தொழில்நுட்பம் போதுமானதாக இருந்தது. இப்போது இணையத்திலேயே டெண்டர் போடும் மின்கொள்முதல் வந்துவிட்டது. தடியன்கள் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். லாட்ஜ் மட்டும் இன்னும் நடக்கிறது.

இதைக் கண்டுபிடிக்க நீங்கள் பொறியாளராக இருக்க வேண்டியதில்லை. ஒப்பீட்டுப் பட்டியலை ஐந்து நிமிடம் உற்றுப் பாருங்கள். மூன்று பேரும் மதிப்பீட்டுக்கு மேலேதான் போட்டிருக்கிறார்களா? மூன்று விலைக்கும் நடுவே அரை சதவீத வித்தியாசம்தானா? முன்வைப்புத் தொகைக்கு எடுத்த வரைவோலைகள் ஒரே வங்கிக் கிளையில், ஒரே நாளில், அடுத்தடுத்த எண்ணில் இருக்கின்றனவா? கடந்த ஒரு வருடத்தில் இதே மூன்று பெயர்கள் மாறி மாறி முதலிடம் வந்திருக்கின்றனவா? நாங்கள் அந்தக் காலத்தில் ஒரே ஆளை அனுப்பி மூன்று டி.டி.யும் எடுத்திருக்கிறோம். சோம்பேறித்தனம்தான். யாரும் பார்க்க மாட்டார்கள் என்ற தைரியமும்.

சட்டம் என்னவோ ஒழுங்காகத்தான் இருக்கிறது. தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளிகளில் வெளிப்படைத்தன்மைச் சட்டம் 1998-ல் வந்தது, விதிகள் 2000-ல். 2 கோடி ரூபாய் வரையான வேலைக்கு ஒப்பந்தப்புள்ளி கொடுக்கக் குறைந்தது 15 நாள், அதற்கு மேல் போனால் 30 நாள். இதைக் குறைக்க வேண்டுமானால் டெண்டர் அழைப்பவருக்கு மேலே உள்ள அதிகாரி காரணத்தை எழுதி வைத்து அனுமதிக்க வேண்டும். குறைந்த விலையே சந்தை விலைக்கோ விகிதப் பட்டியலுக்கோ மேலே இருந்தால், அந்தக் குறைந்த விலைக்காரரோடு பேசிக் குறைக்கச் சொல்கிறது சட்டம். யாருக்கு வேலை கிடைத்தது, மற்றவர்கள் ஏன் நிராகரிக்கப்பட்டார்கள் என்ற விவரம் டெண்டர் அறிவிப்பிதழுக்குப் போக வேண்டும். தோற்றவர் பத்து நாளுக்குள் அரசுக்கு மேல்முறையீடு செய்யலாம். இத்தனையும் உங்களுக்குக் கொடுத்த ஆயுதம். "பேசிக் குறைத்தீர்களா, எவ்வளவு குறைந்தது, கடிதம் எங்கே?" என்று ஒரே ஒரு உறுப்பினர் கேட்டிருந்தால், போன கூட்டத்தில் 7 முதல் 19 வரை ஒரே தட்டலில் போயிருக்காது.

இனி 'பின்னேற்பு', அதாவது செலவு முடிந்த பிறகு மன்றம் தருகிற ஒப்புதல். இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்ததே இந்தச் சொல்லுக்காகத்தான்.

2023 டிசம்பர் 17, 18 யாருக்கும் மறக்காது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. இங்கே தாமிரபரணி படித்துறை மண்டபங்களை முழுங்கிக்கொண்டு தெருவுக்குள் வந்தது. 1992 வெள்ளத்தைப் பார்த்த கிழவர்களே வாயடைத்துப் போனார்கள். அன்றைக்கு மோட்டார் வாங்கியது, ஜேசிபி பிடித்தது, உடைந்த கரையில் மணல் மூட்டை அடுக்கியது எதற்கும் டெண்டர் விட முடியாது, விடவும் கூடாது. சட்டமே இயற்கைப் பேரிடருக்கு விலக்குக் கொடுத்திருக்கிறது. தலைவர் முன்அனுமதி கொடுத்துச் செலவு செய்தார், பிறகு மன்றம் பின்னேற்பு செய்தது. சரியான காரியம். அந்த மூன்று இரவும் தூங்காமல் நின்ற தூய்மைப் பணியாளர்களுக்கும் உங்களுக்கும் இந்த ஊர் கடன்பட்டிருக்கிறது.

ஆனால் வெள்ளம் வடிந்துவிட்டது. 'அவசரம்' மட்டும் வடியவில்லை. ஜன்னல் வழியே நான் கேட்ட 43 பொருளில் பதினாறோ பதினேழோ பின்னேற்பு. தெருவிளக்குச் சாமான் வாங்கியது, பிளீச்சிங் பவுடர் வாங்கியது, கழிப்பறைக் கதவு மாற்றியது, பேருந்து நிறுத்தத்துக்கு வெள்ளையடித்தது. வெள்ளையடிப்பதில் என்ன அவசரம் சாமி? பணம் போன பிறகு, வேலை முடிந்த பிறகு, அல்லது முடிந்ததாக எழுதிய பிறகு உங்களிடம் வந்து அனுமதி கேட்கிறார்கள். கல்யாணம் முடிந்து மூன்றாம் நாள் பெண் பார்க்கக் கூப்பிடுகிற மாதிரி. அப்போது வேண்டாம் என்று சொல்லவும் வழியில்லை.

இதே குடும்பத்தைச் சேர்ந்ததுதான் துண்டு போடுகிற வேலை. ஒரு முழு ஓடையை வடபுறம், தென்புறம், வளைவு என்று மூன்று மதிப்பீடாக்கினால் ஒவ்வொன்றும் சிறுவேலையாகிவிடும், பெரிய டெண்டரின் கெடுபிடி இருக்காது. சில நேரம் நேர்மாறாகவும் நடக்கும். சம்பந்தமில்லாத ஆறு தெருவை ஒரே பேக்கேஜ் ஆக்கினால் என்னைப் போன்ற நான்காம் வகுப்புக்காரன் உள்ளே வர முடியாது. எப்போது துண்டு, எப்போது பேக்கேஜ் என்பது வேலையைப் பார்த்து முடிவாவதில்லை, ஆளைப் பார்த்து முடிவாகிறது.

ஒப்பந்தக்காரன் பக்கமும் ஒரு வார்த்தை. கையில் காசில்லாமல் வேலைக்கு அனுமதி கொடுக்காதீர்கள். 15-ஆவது நிதிக்குழு மானியத்தில் 60 சதவீதம் குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் என்றே கட்டிப்போட்டுத் தந்த பணம். அதை ரோட்டுக்கு எடுக்க முடியாது. பொது நிதி என்பது நம் வீட்டு வரியும் தண்ணீர் வரியும் கடை வாடகையும்தான். அதில் என்ன இருப்பு என்று கேட்காமல் வேலைகளை அடுக்கினால் பில் மாதக்கணக்கில் நிற்கும். எனக்கு ஒரு ஊரில் பதினான்கு மாதம் நின்றது. கந்துவட்டிக்கு வாங்கித்தான் ஆட்களுக்குக் கூலி கொடுத்தேன். அந்த வட்டியை அடுத்த வேலையின் கான்கிரீட்டிலிருந்துதான் எடுத்தேன். நியாயம் சொல்லவில்லை, நடந்ததைச் சொல்கிறேன். நான் தொழிலை விட்டதும் அந்த வருடம்தான்.

உறுப்பினர் அக்காமாருக்குத் தனியாக. உள்ளாட்சியில் பெண்களுக்குப் பாதி இடம் என்று சட்டம் வந்த பிறகு நீங்கள் இத்தனை பேர் மன்றத்தில் இருக்கிறீர்கள். கூட்டம் நடக்கும்போது வராந்தாவில் என்னோடு பெஞ்சில் யார் உட்கார்ந்திருந்தார்கள் தெரியுமா? உங்கள் வீட்டு அண்ணாச்சிமார் நாலு பேர். ஒருவர் கையில் தீர்மான நகல்கூட இருந்தது, உள்ளே இருந்த உங்களிடம் இருந்ததா என்று தெரியவில்லை. அவர்களோடு எனக்கு நல்ல பழக்கம், வருத்தப்பட மாட்டார்கள். உளுந்து வாங்கும்போது சொத்தை இருக்கிறதா என்று கையில் அள்ளிப் பார்க்காமல் நீங்கள் வாங்குவதில்லை. படியில் கால்படி குறைந்தால் கடைக்காரரை விடுவதில்லை. மதிப்பீடு என்பதும் அந்த மாதிரி ஒரு சாமான் பட்டியல்தான், பயப்பட ஒன்றுமில்லை. எட்டாம் வார்டு அக்கா ஒருவர்தான் அன்றைக்கு "முப்பத்தொண்ணாவது பொருள் என்னது, கொஞ்சம் வாசிங்க" என்றார்கள். எழுத்தர் தேடி எடுத்து வாசிப்பதற்குள் தலைவர் 32-க்குப் போய்விட்டார்.

தலைவர் அவர்களே, கோபிக்க வேண்டாம். நீங்கள் கெட்டவர் என்று நான் சொல்லவில்லை. உங்கள் அப்பாவை எனக்குத் தெரியும். நீங்கள் கேட்பதும் நியாயம்தான்: "ஒவ்வொன்றையும் விவாதித்தால் வேலை எப்போது நடக்கும்?" கார் சாகுபடிக்குத் தண்ணீர் திறக்குமுன் ஓடை வேலை முடிய வேண்டும், ஐப்பசி மழைக்கு முன் ரோடு முடிய வேண்டும். தாமதம் ஆனால் ஊரார் உங்களைத்தான் ஏசுவார்கள். சரி, 43-ஐயும் விவாதிக்க வேண்டாம். கூட்டத்துக்கு நாலு நாள் முன்னால் பொருள் நிரலோடு மதிப்பீட்டுச் சுருக்கமும் ஒப்பீட்டுப் பட்டியலும் உறுப்பினர் கையில் போகட்டும். அலுவலக வாசல் பலகையிலும் ஒரு நகல் ஒட்டுங்கள். பின்னேற்பு என்று வருகிற ஒவ்வொன்றுக்கும் கீழே ஒரே ஒரு வரி எழுதச் சொல்லுங்கள்: அடுத்த கூட்டம்வரை ஏன் காத்திருக்க முடியவில்லை? அந்த ஒரு வரியை எழுத வேண்டும் என்று வந்துவிட்டால் போதும், பதினேழு பின்னேற்பு நாலாகிவிடும். இருபத்தோரு வருட அனுபவத்தில் சொல்கிறேன், காகிதத்தில் காரணம் எழுத எல்லோருக்கும் கை நடுங்கும்.

கிராம ஊராட்சிக்காரர்களுக்காவது வருடத்தில் ஆறு நாள் கிராம சபை இருக்கிறது. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. பக்கத்துக் கிராமத்தில் போன மே தினத்தன்று ஒரு கிழவி எழுந்து நின்று தண்ணீர்த் தொட்டிக் கணக்கைக் கேட்டதை நானே பார்த்தேன். பேரூராட்சியான பாவத்துக்கு நமக்குக் கிராம சபை இல்லை. மன்றத்தில் நமக்காகக் கேட்க நீங்கள் பதினைந்து பேர்தான். 2022 பிப்ரவரி 19-ஆம் தேதி வரிசையில் நின்று ஓட்டுப் போட்டு அனுப்பினோம். ஐந்து வருடத்தில் பெரும்பகுதி போய்விட்டது.

நான் சும்மா இருக்கவில்லை. தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டி மனுக் கொடுத்திருக்கிறேன். மேலத்தெரு சிமெண்ட் ரோட்டின் எம்-புக்கைப் பார்க்க வேண்டும், வேலையை நேரில் ஆய்வு செய்ய வேண்டும், சான்றளித்த மாதிரி எடுக்க வேண்டும். இந்த மூன்றும் அந்தச் சட்டத்தின் இரண்டாம் பிரிவிலேயே குடிமக்கள் உரிமையாக எழுதியிருக்கிறது, பலருக்குத் தெரியாது. வருகிற செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். ஆவணம் பார்க்க முதல் ஒரு மணி நேரம் கட்டணம் கிடையாது. பிறகு தெருவுக்குப் போய் ஓரத்தில் கொஞ்சம் மண்ணைத் தோண்டிக் கனம் பார்ப்பதாக எண்ணம். மண்வெட்டி நான் கொண்டுவருகிறேன். எட்டாம் வார்டு அக்கா வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். அவர்கள் எழுதிக்கொள்வார்கள். உங்களில் இன்னொருவர் வந்தால் டேப்பின் மறுமுனையைப் பிடிக்க ஆள் இருக்கும்.

இப்படிக்கு,
மேலத்தெருக்காரன், முன்னாள் நான்காம் வகுப்பு ஒப்பந்தக்காரன்